பிலிம் இல்லாமல் எடுத்த படம்

உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியாத உடம்பு எனக்கு. உத்திரமேரூரில் ஒரு உரக்கடையில் வேலை பார்த்தேன். கடை சாத்திய மறுநிமிடம் சைக்கிளில் ஏறிவிடுவேன், எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியாது. எழுபதுகளின் கடைசியில் பழைய பெட்டிக் கேமரா ஒன்று கைக்கு வந்தது. அதன்பிறகு அந்த அலைச்சலுக்கு ஒரு காரணம் கிடைத்தது. அறுப்பு முடிந்ததும் ஊர் ஊராகச் சடுகுடு பந்தயம் நடக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் படம் எடுப்பேன். காஞ்சிபுரத்தில் கொடுத்துக் கழுவி வாங்கி, ஆடியவர்களின் வீடு தேடிப் போய் விற்பேன்.

அதில் ஒரு தொல்லை இருந்தது. வேகமாக அசைவதை அந்தக் கேமரா பிடிக்காது, புகை மாதிரி விழும். நாலு பேர் ஒருவனை அமுக்கி, எல்லாரும் ஒரு கணம் அசையாமல் கிடந்தால்தான் படம் துலங்கும். அதனால் பாடிப் போனவன் வீட்டுக்குப் போனால் அந்த வீட்டுப் பிள்ளை அடியில்தான் கிடப்பான். ராஜகுளத்தில் ஒரு அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, “எம் புள்ள மண்ணு தின்றத காசு குடுத்து வேற வாங்கணுமா?” என்று கதவைச் சாத்திக்கொண்டார். அதே படத்தை, மேலே ஏறி அமுக்கியவன் வீட்டில் வாங்கிக்கொண்டார்கள்.

ஒருமுறை எங்கள் ஏரிக்கரையோரம் பந்தயம். மானாம்பதி அணியில் ஒருவன் இருந்தான், என் வயதுதான் இருக்கும், ஏர் ஓட்டுகிறவன். கடைசி ஆட்டத்தில் பாடிக்கொண்டு போன அவனை நாலு பேர் கட்டிப் பிடித்தார்கள். நாலு பேரையும் இழுத்துக்கொண்டே வந்து நடுக்கோட்டைத் தொட்டுவிட்டான். “போட்டோக்காரே, எடுய்யா, எடுய்யா!” என்று கூட்டம் கத்தியது. என் சுருளில் பன்னிரண்டு படம்தான். பன்னிரண்டும் முந்தின ஆட்டத்திலேயே தீர்ந்திருந்தது. தெரிந்தும் கேமராவைத் தூக்கிப் பொத்தானை அமுக்கினேன். கோட்டின்மேல் கிடந்தபடி அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

இரண்டு நாள் கழித்து, பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிப் பிஞ்சு விற்கிற பெண் என்னை நிறுத்தினாள்.

“அண்ணே, மானாம்பதிக்காரர படம் புடிச்சது நீங்கதானே? எங்க வூட்டுக்காரருதான். படம் வந்துதா?”

“இன்னும் கழுவலம்மா.”

“வந்தா எங்கிட்ட குடுங்க. ஊரே சொல்லுது, நாலு பேர இழுத்துக்கினு வந்தாருன்னு. நா இன்னாத்த கண்டேன்? பந்தயம் பாக்க பொம்பளைங்க யாரு போறாங்க? படத்துல பாத்தாத்தான் உண்டு.”

அடுத்த முறை, காஞ்சிபுரத்திலிருந்து வரவில்லை என்றேன். அதற்கடுத்த முறை, ஸ்டுடியோக்காரருக்குக் காய்ச்சல் என்றேன். அப்புறம் பஸ் ஸ்டாண்டுப் பக்கமே போகாமல் கடைக்குச் சுற்றிக்கொண்டு போனேன். கூடை தூக்கிய பெண் யாரைக் கண்டாலும் சந்துக்குள் திரும்பினேன். மூட்டை எண்ணினால் எண்ணிக்கை தப்பியது. “உனக்கு இன்னாடா பேஜாரு?” என்றார் முதலாளி.

தாங்க முடியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை புதுச் சுருள் ஒன்று போட்டுக்கொண்டு மானாம்பதிக்கு மிதித்தேன். அவன் மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தான். அன்று கேமராவில் பிலிம் இல்லை என்பதைச் சொன்னேன்.

அவன் வைக்கோலைக் கீழே போட்டான். “அப்பறம் இன்னாத்துக்குய்யா எடுக்கறாப்புல கண்ணுல வெச்ச?”

இப்போது எடுத்துத் தருகிறேன் என்றேன். கீழே போட்ட வைக்கோலை எடுத்து மாட்டுக்கு உதறினான். பிறகு, “அவகிட்ட சொல்லிக்கினு இருக்காதே” என்று சொல்லிவிட்டு, கூட ஆடுகிறவர்களைக் கூட்டிவரப் போனான்.

அறுத்த வயலில் காலாலேயே கோடு கிழித்தார்கள். காலை அகட்டி, கையை நீட்டி அவனை நிற்கவைத்தேன். அசையாதே என்றேன். ஒரு படம் எடுத்தேன். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் வரப்பில் வந்து நின்றார்கள். அவளும் வந்தாள்.

என் வேலை அதோடு முடிந்தது. ஆனால் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் சும்மா நிற்கவில்லை. “வாடா பாக்கலாம்” என்றான் ஒருவன். இவன் வேட்டியை இறுக்கிக்கொண்டு பாடிக்கொண்டு இறங்கிவிட்டான். கைக்கு அகப்படாமல் துள்ளினான். இரண்டு பேரைத் தொட்டான், மூன்றாமவன் இவன் காலைக் கவ்வினான். அப்படியும் இவன் மண்ணில் தேய்ந்துகொண்டே கோட்டுக்கு வந்தான். வரப்பில் ஒரே கூச்சல். எனக்குக் கை நிற்கவில்லை. விழாது என்று தெரிந்தும் சுருள் தீரும்வரை அமுக்கினேன்.

கழுவி வந்தபோது பதினொன்றும் புகைதான். ஆனால் ஒன்றில் ஓரமாக அவள் துலக்கமாக விழுந்திருந்தாள். வரப்பில் எல்லாரும் ஆடிக்கொண்டிருக்க, அவள் மட்டும் தலையில் கை வைத்து, வாய் திறந்தபடி அப்படியே நின்றிருக்கிறாள்.

இரண்டு படத்தையும் அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். நிறுத்தி எடுத்ததைப் பார்த்து அவள் சிரித்துவிட்டாள். “இன்னாண்ணே இது, பஸ்ஸுக்குக் கை காட்டிக்கினு நிக்கிறாப்புல கீது?” இன்னொன்றைப் பார்த்ததும் முகம் மாறியது. “ஐயே, இத குடுக்காதீங்க. நா பேய் மாதிரி கீறேன்.”

அவன் எட்டி அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். “இது எனக்கு.”

“அப்போ பந்தயத்துல எடுத்தது எங்கண்ணே?” என்றாள் அவள்.

நான் வாய் திறப்பதற்குள் அவன், “அது வெளிச்சம் பட்டுக் கெட்டுப்போச்சாம்” என்றான். எனக்காக அவன் பொய் சொன்னது இன்னும் அதிகமாக உறுத்தியது. மறுநாள் நானே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வேறு ஆளுக்குப் பிஞ்சு பொறுக்கிப் போடத் தொடங்கினாள். பத்து நாள் போல என்னோடு பேசவில்லை.

பிறகு ஒருநாள் அவளே கூப்பிட்டாள். “அண்ணே, அடுத்த பந்தயம் எந்த ஊர்ல?”

சொன்னேன்.

“நாங்க நாலஞ்சு பொம்பளைங்க வரோம். எங்க நின்னா நல்லாத் தெரியும்?”