காற்றில் போன உரம்

லேலண்ட் குசேராவுக்கு "முடியாது" என்று சொல்ல வராது. நெப்ராஸ்காவின் அந்தச் சிற்றூரில் பலருக்கும் இந்தக் குறை உண்டு. அவருக்குக் கொஞ்சம் முற்றியிருந்தது. மற்றபடி தங்கமான மனிதர். உயர்நிலைப் பள்ளியின் கால்பந்து மைதானத்துப் புல்லைப் பிள்ளையைப் போல் வளர்த்தார். மனைவி வில்மாவின் பிறந்தநாளைக்கூட மறப்பார், புல்லை மறக்கமாட்டார்.

அந்த ஆண்டு பள்ளி நிர்வாகக் குழுவுக்குப் பிளாஸ்டிக் புல்லின் மேல் ஆசை வந்தது. தலைவர் கஸ் நேரிலேயே சொல்லிவிட்டார்.

"பழைய மாணவர் விழா ஆட்டத்தன்னைக்கு மைதானம் பச்சையா இருந்தா உங்க புல்லே இருக்கட்டும், லேலண்ட். மஞ்சளா இருந்தா பிளாஸ்டிக்தான்."

வெயிலில் புல் வெளுத்திருந்தது. விழாவுக்குச் சில வாரங்கள் முன்பு, விடியலில், பனி ஈரத்தின் மேல் மிச்சமிருந்த யூரியா முழுவதையும் தூவினார். உடனே தண்ணீர் விட்டு மண்ணுக்குள் இறக்கவேண்டும். இல்லாவிட்டால் வெயிலும் காற்றும் அதைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அவர் குழாயில் கை வைத்தபோது, பேண்டு வாத்திய ஆசிரியை நடீன் ஓடிவந்தார்.

"ஐயோ, தண்ணி விடப்போறீங்களா? பசங்க அணிவகுப்புக்கு வர்றாங்களே! ஈரத்துல வழுக்கினா ட்ரம்பெட்டும் போகும், பல்லும் போகும்."

"பரவாயில்ல, சாயந்திரம் விட்டுக்கறேன்."

"உங்களுக்குச் சிரமமில்லையே?"

"ஒரு சிரமமும் இல்லீங்க."

சாயந்திரம் கால்பந்துப் பயிற்சியாளர் வந்து, ஆட்டப் பயிற்சி இருக்கிறது, தண்ணீர் வேண்டாமே என்று கேட்டார். மறுநாள் மறுபடியும் நடீன். இரவில் விடலாமென்றால், பக்கத்து வீட்டுக்காரருக்குத் தண்ணீர்ச் சத்தத்தில் தூக்கம் வராது.

மதியச் சாப்பாடு கொண்டுவந்த வில்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன இது, பூனை மூத்திர நாத்தம்?"

"யூரியா போகுது."

"எங்க போகுது?"

லேலண்ட் காற்று வீசிய திசையில் கை காட்டினார். "பக்கத்து ஐயோவா மாநிலத்துக்கு."

"தண்ணி விடணும்னு சொல்லவேண்டியதுதானே? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"ரொம்ப மரியாதையா கேட்டாங்க, வில்மா."

விழாவன்று மைதானம் மஞ்சளாகவே கிடந்தது. "கோதுமை அறுப்பு எப்போ?" என்று எதிரணி ஆட்கள் கூவினார்கள். கஸ் லேலண்டின் தோளைத் தட்டினார்.

"பிளாஸ்டிக்குக்குச் சம்மதந்தானே?"

"நல்லாத்தான் இருக்கும்" என்றார் லேலண்ட். பிறகு வண்டியில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

அடுத்த ஆகஸ்டில் பிளாஸ்டிக் புல் அடுப்பில் வைத்த கல்லாகக் காய்ந்தது. பிள்ளைகள் கால் மாற்றிக் கால் குதித்தார்கள். நடீன் ஓடிவந்தார்.

"லேலண்ட், செருப்பே உருகுது! கொஞ்சம் தண்ணி விடுங்களேன்?"

லேலண்ட் அவரையே பார்த்தார். ஆயுள் முழுக்கச் சொல்லாத அந்த ஒரு சொல் தொண்டை வரை வந்து நின்றது.

"கொஞ்சம் போதுமா, நல்லா விடவா?" என்று கேட்டுவிட்டு, குழாயை நோக்கி நடந்தார்.