கோதையின் வெள்ளிக்கிழமைப் பூச்சு

கோதையைப் பற்றி யார் கேட்டாலும், கையில் காசே இல்லாமல் ஒரு தெருவையே அழகாக்கிய பொம்பளை என்றுதான் முதலில் சொல்வேன். அதற்கப்புறம் சொல்ல வேண்டியது இன்னொன்று இருக்கிறது. அதைச் சொல்லும்போது அவள் மேலும் கோபம் வரும், என் மேலும் வரும்.

திருப்பதியில் இருபத்தைந்து வருஷமாக நாங்கள் பக்கத்துப் பக்கத்துப் போர்ஷன். அவளுக்குப் பிறந்த ஊர் கார்வேட்டிநகரம் பக்கம். புருஷன் பாஸ்கர் மலைக்கு வருகிறவர்களுக்கு டாக்ஸி ஓட்டுகிறார். கோதை ஒரு துணிக்கடையில் ஆல்டரேஷன் வேலை பார்க்கிறாள். கடைக்காரர் வேண்டாமென்று ஒதுக்கும் வெட்டுத் துண்டுகளையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவாள். ஒரே மகள் பிரித்திகா.

அந்தத் துண்டுகளை வைத்துக்கொண்டு அவள் செய்த அட்டகாசம் கொஞ்சநஞ்சமல்ல. கிழிந்த பட்டுப்புடவையின் ஜரிகையைப் பிரித்து சாதாரணப் புடவையில் வைத்துத் தைப்பாள். கண்ணாடி வளையலில் பட்டு நூல் சுற்றிக் கல் ஒட்டுவாள். பீட்ரூட்டைத் துருவித் தேங்காய் எண்ணெயில் காய்ச்சி, காலி தைல டப்பாவில் ஊற்றி ஆறவைத்தால் உதட்டுச் சாயம். பாதாம் பருப்பைக் கருக்கினால் கண்மை. என் அண்ணன் மகன் கல்யாணத்துக்கு என்னை அவள்தான் ஜோடித்து அனுப்பினாள். நல்ல நாளிலேயே என் முகத்தைப் பார்க்காத என் வீட்டுக்காரர், அன்றைக்கு இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் தெருவில் மட்டும் பதினொரு கல்யாணப் பெண்களை அவள் அலங்கரித்திருக்கிறாள். யாரிடமும் எதுவும் வாங்கினதில்லை. கேட்டால், "எம் பொண்ணு கல்யாணத்துக்குக் கை பழகிக்கினு இருக்கேன்க்கா. அவ தலையில ஒரு பார்லர்காரி கை படக்கூடாது. தல முடியிலேர்ந்து கால் நகம் வரைக்கும் நான்தான் பண்ணணும்" என்பாள். அவளுடைய ஆசை அது ஒன்றுதான். வீடு கட்டணும், நகை வாங்கணும் என்று ஒரு நாளும் அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆனால் பிரித்திகா கறுப்பு. பாஸ்கரின் நிறம். அழகான பெண்தான். பெரிய கண், வரிசையான பல், சிரித்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கோதைக்கு அதெல்லாம் கண்ணில் படவே இல்லை. ஐந்து வயதிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எண்ணெய்க் குளியலுக்கு முன்னால் அந்தப் பிள்ளையை முற்றத்தில் உட்காரவைத்துப் பூச ஆரம்பித்துவிடுவாள். கடலை மாவும் தயிரும் ஒரு வாரம், உருளைக்கிழங்குச் சாறு ஒரு வாரம், தக்காளியில் சர்க்கரை தொட்டுத் தேய்ப்பது ஒரு வாரம். பிள்ளை எரிகிறது என்று அழும்.

"எரிஞ்சாத்தான் வெளுக்கும். கம்முனு இரு" என்பாள் கோதை.

நான் துணி உலர்த்திக்கொண்டே பார்ப்பேன். ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஊர் வம்பெல்லாம் பேசுகிற வாய் எனக்கு. அந்த விஷயத்தில் மட்டும் அது எப்படி மூடிக்கொண்டதோ தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் அந்தப் பிள்ளை கொஞ்சம் வெளுத்தால் தேவலை என்றுதான் நினைத்தேன்.

பிரித்திகா படித்து முடித்து ஒரு ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷனில் உட்கார்ந்தாள். வரன் பார்க்க ஆரம்பித்தார்கள். போட்டோ எடுத்தது நான்தான். என் போனில் எடுத்து, வெளிச்சத்தைக் கூட்டும் கோட்டை விரலால் இழுத்து இழுத்து, பெண்ணை இரண்டு நிறம் மேலே கொண்டுபோய் வைத்தோம். கோதையும் நானும் சிரித்துக்கொண்டே செய்தோம். பிரித்திகா எட்டிப் பார்த்துவிட்டு, "இது யாரு?" என்று கேட்டாள். வேடிக்கைக்குக் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

புத்தூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பம் ஒன்று பதில் அனுப்பியது. நிலம் நீச்சு உள்ளவர்கள். பையன் தருணுக்குச் சித்தூரில் வேலை. வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பெண் பார்க்க வருவதாகச் சொன்னார்கள்.

அன்றைக்குக் கோதை விடிந்ததிலிருந்து தயாராகிவிட்டாள். கடையில் விற்கும் பவுண்டேஷன் வாங்கக் கட்டுப்படியாகாது. முகப்பவுடர், சலித்த அரிசி மாவு, அரிப்புக்குப் போடும் ரோஸ் நிற லோஷன், ஒரு சிட்டிகை காபித்தூள் எல்லாம் போட்டு அவளே ஒன்று குழைத்தாள். முகம், கழுத்து, முழங்கை வரைக்கும் அதைப் பூசினாள். நான் கண்ணாடி பிடித்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் இருவரும் ஒன்றை மறந்துவிட்டோம். எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பிடித்துவிட்டால் வாயால் சொல்வதோடு விடமாட்டார்கள். பையனின் அம்மா எழுந்து வந்து, பன்னீரில் குழைத்த சந்தனத்தைப் பெண்ணின் இரண்டு கன்னத்திலும் கழுத்திலும் தடவி, குங்குமம் வைத்து, தலையில் பூ வைப்பார். பூ ஏறினால் பேச்சு முடிந்தது. கோதைக்கும் அப்படித்தான் நடந்தது, எனக்கும் அப்படித்தான். பதினொரு பெண்களை ஜோடித்தவளுக்கு அது நினைவில்லாமல் போயிற்று. வருகிறவர்கள் தன் மகளைப் பிடித்திருக்கிறது என்று சொல்வார்கள் என்கிற நம்பிக்கையே அவளுக்கு இல்லை போலிருக்கிறது. இப்போது அப்படித்தான் தோன்றுகிறது.

வந்தார்கள், காபி குடித்தார்கள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, தருணின் அம்மா சந்தனக் கிண்ணத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு எழுந்துவிட்டார். கோதைக்கு முகமெல்லாம் பல். அந்தம்மா ஈர விரலால் கன்னத்தைத் தொட்டு இழுத்தார். விரல் போன வழியில் பூச்சு வழித்துக்கொண்டு வந்துவிட்டது. வெளுப்புக்கு நடுவில் பிரித்திகாவின் சொந்த நிறம் ஒரு கோடாகத் தெரிந்தது. பாஸ்கர் தலையைக் குனிந்துகொண்டார்.

தருணின் அம்மா விரலைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"இதெல்லாம் இன்னாத்துக்கும்மா? போன மாசம் எங்க வீட்டுக்காரர இட்டுக்கினு ஸ்கேன் எடுக்க வந்தேன். நீதானே டோக்கன் குடுத்த? நின்னுக்கினு இருந்தவள கூப்ட்டு சேர் போட்டு உக்கார வெச்ச. அப்பவே புடிச்சுப் போயித்தானே வந்திருக்கோம். போயி மூஞ்சி கழுவிக்கினு வா. அப்புறம் பூ வெக்கிறேன்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பிரித்திகா எழுந்து பின்கட்டுக் குழாயடிக்குப் போனாள். சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினாள். நான் துண்டோடு நின்றேன். அவள் முகத்தைத் துடைத்து நிமிரும்போது சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு சிரிப்பை நான் அவளிடம் பார்த்ததே இல்லை.

அப்போது கோதை வந்தாள். கையில் பவுடர் டப்பா.

"லேசா ஒரு தடவ ஒத்தி விட்டுர்றேன். கண்ணுக்கே தெரியாது. இப்டியே போயி நிக்காதடி."

பிரித்திகாவின் முகம் சுண்டிப்போயிற்று. கத்தவில்லை. குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள்.

"அவங்களுக்கு என்னைப் புடிச்சிருக்கும்மா. உனக்குத்தான் புடிக்கல. ஒரு வெள்ளிக்கெழம கூட உனக்கு என்னப் புடிக்கல."

கோதை டப்பாவை நீட்டியபடியே நின்றாள். அந்த டப்பாவைப் பிடுங்கி எறிந்திருக்க வேண்டியவள் நான். "சும்மா இரு கோதை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் துண்டை மடித்துக்கொண்டு நின்றேன். பிரித்திகா அப்படியே உள்ளே போய்ப் பூ வைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. சண்டை போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். பிரித்திகா வேலைக்குப் போனாள், வந்தாள், அவள் நைனா பாஸ்கரிடம் பேசினாள். அம்மாவிடம் கேட்டதற்குப் பதில் சொன்னாள். கோதை இரண்டு மாதம் உட்கார்ந்து முகூர்த்தப் புடவைக்கு ஜாக்கெட் தைத்தாள். பூ ஜடைக்குத் துணிப்பூ செய்தாள், இரண்டு கைக்கும் வளையல் சுற்றினாள். எல்லாவற்றையும் ஒரு பெரிய பையில் அடுக்கி வைத்துக்கொண்டு, "அன்னிக்குக் கோவமெல்லாம் போயிடும்க்கா. கல்யாணத்தன்னிக்கு எந்தப் பொண்ணு அம்மாவ வாணாம்னு சொல்லுவா?" என்றாள். நானும் ஆமாம் ஆமாம் என்றேன்.

ஆவணியில் புத்தூரில் கல்யாணம். ஒன்பதரைக்கு முகூர்த்தம். ஏழு மணிக்குக் கோதை பையைத் தூக்கிக்கொண்டு மணமகள் அறைக்குப் போனாள், பின்னாலேயே நான். கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. தட்டினாள். பிரித்திகாவோடு வேலை செய்யும் பவ்யா கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள்.

"ஆன்ட்டி, ஜாக்கெட் மட்டும் வாங்கிக்கச் சொன்னா. மத்ததெல்லாம் அவளே பாத்துக்கறாளாம்."

கோதை ஜாக்கெட்டை எடுத்துக் கொடுத்தாள். கதவு மூடிக்கொண்டது. ஒன்றே முக்கால் மணி நேரம் அவள் அந்தக் கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். போகிறவர் வருகிறவரெல்லாம், "என்ன கோதை, பொண்ண ரெடி பண்ணலியா?" என்று கேட்டார்கள். "ஆச்சு, ஆச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, நன்றாக வேண்டும் என்றும் இருந்தது. இரண்டும் உண்மை.

கதவு திறந்தது. பிரித்திகா வெளியே வந்தாள். தலை நிறையப் பூ, நெற்றியில் பொட்டு, கண்ணில் மை. முகத்தில் வேறு ஒன்றும் இல்லை. அந்த நிறத்துக்கு அந்த அரக்குப் புடவை அப்படிப் பொருந்தியிருந்தது. எங்களைத் தாண்டும்போது அம்மாவைப் பார்த்து மரியாதைக்கு ஒரு சிரிப்புச் சிரித்தாள். மேடைப் பக்கம் போய்விட்டாள்.

கோதை எழுந்து நின்று அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எம் பொண்ணு எவ்ளோ அழகா இருக்கா" என்றாள். இருபத்து நாலு வருஷத்தில் அவள் அதைச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"எங்கிட்ட ஏன் சொல்ற? அவகிட்ட போயி சொல்லு" என்றேன்.

"இப்ப போயி சொன்னா, இதையும் பூச்சுன்னுதான் நெனப்பா" என்றாள் கோதை. பையை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வந்தவர்களைக் கவனிக்கப் போய்விட்டாள்.