சுவரில் அடிக்காத அறுபது ஆணிகள்

பழிவாங்குவது பாவம் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் சர்ச்சில் கேட்டு வளர்ந்தவள் நான். கேட்டுக்கொண்டேன், அவ்வளவுதான். இரும்புலியூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

எண்பதுகளின் பின்பாதி அது. ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே போகிற தெருவில் மாடி வீடு. கீழ் போர்ஷனில் நாங்கள் நான்கு பேர். என் கணவருக்கு ஒரு கம்பெனியில் ஸ்டோர் வேலை. எனக்கு சேலையூரில் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர் வேலை, மதியம் ஒரு மணிக்கு முடிந்துவிடும். பெண்ணுக்கு ஏழு வயது, பையனுக்கு நான்கு. மாடியில் வீட்டுக்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள். குழந்தைகள் இல்லை. அவர் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். அப்பா காலத்து நெல் வயல்கள் மனைகளாகி, மனைகள் வீடுகளாகி, வாடகை வாங்குவதே வேலையாகிவிட்டிருந்தது. மதியம் சாப்பிட்டு இரண்டு மணிக்குப் படுத்தால் நாலு மணிக்குத்தான் எழுந்திருப்பார்.

அவருக்கு ஆயிரம் சட்டங்கள். மோட்டார் காலையில் அரை மணி நேரம்தான். கேட்டைச் சாத்தும்போது சத்தம் வரக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் ஒன்று உண்டு. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. வீடு பார்க்கப் போன அன்றே, வாடகை எவ்வளவு என்று சொல்வதற்கு முன் அதைத்தான் சொன்னார். அட்வான்ஸ் பத்திரத்திலும் எழுதி வைத்திருந்தார். மூன்று வருஷம் எங்கள் காலண்டர் ஜன்னல் கம்பியில்தான் தொங்கியது. கண்ணாடியை ஷெல்ஃபில் சாய்த்து வைத்து, குனிந்து தலை வாரினேன்.

எங்கள் பள்ளியில் ஆங்கிலோ இந்தியன் டீச்சர் ஒருவர் இருந்தார். ஒரு டிசம்பரில் அவர் வீட்டுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போயிருந்தேன். ஹாலில் வரிசையாகச் சிவப்புத் துணி காலுறைகள் தொங்கின. இருபத்தைந்தாம் தேதி காலையில் அவற்றுக்குள் பரிசு இருக்கும் என்று அவர் சொன்னதும் என் பிள்ளைகளுக்குக் கால் தரையில் பாவவில்லை. எங்கள் வீட்டில் நட்சத்திரம் கட்டுவோம், குடில் வைப்போம், கல்கலா சுடுவோம். காலுறை தொங்கவிடும் வழக்கம் கிடையாது. போகட்டும், ஆசைப்படுகிறார்கள் என்று ஜாக்கெட் துணியில் மிஞ்சிய சிவப்பு வெல்வெட்டை வெட்டி இரண்டு காலுறை தைத்தேன்.

இருபத்து நான்காம் தேதி சாயங்காலம் ஹால் சுவரில் ஒரே ஒரு ஆணி அடித்தேன். அரை அங்குல ஆணி. மூன்று தட்டுதான். நான்காவது தட்டுக்குக் கையை ஓங்கும்போது அவர் வாசலில் நின்றார்.

"இன்னாம்மா பண்ற? வூடு இன்னா, உங்கப்பன் கட்னதா?"

என் அப்பா செத்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே வந்து, மாட்டுவதற்காக ஷெல்ஃபில் எடுத்து வைத்திருந்த இரண்டு காலுறைகளையும் ஒரு விரலால் தூக்கித் தரையில் போட்டார். ஆணியை அசைத்து அசைத்துப் பிடுங்கினார். கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது. ஆணியை என் உள்ளங்கையில் வைத்தார்.

"எடுத்து வச்சுக்கோ. சொந்தமா வூடு கட்னா அதுல அடிச்சுக்கோ."

என் கணவர் "சாரி சார்" என்றார். அதற்காக அவரை மன்னிக்க எனக்கு ஏழெட்டு மாதம் பிடித்தது. மாடிப்படியில் வீட்டுக்காரரின் மனைவி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போதும் அப்படித்தான், கணவர் எங்கே கத்தினாலும் அவருக்குப் பத்தடி பின்னால் பேசாமல் நிற்பாள்.

அன்று இரவு என் பெண் கேட்டாள். "அம்மா, இது நம்ம வீடு இல்லையா?"

வாடகை வீடு என்றால் என்னவென்று விளக்கினேன். விளக்காமலே இருந்திருக்கலாம். அதற்குப் பிறகு அவள் வீட்டுக்குள் குதிகாலை ஊன்றி நடப்பதை விட்டுவிட்டாள். தண்ணீர்க் குழாயைத் திறந்தால், "மாடி அங்கிள் திட்டுவாரா?" பாத்ரூம் கதவை இரண்டு கையாலும் பிடித்துத் திருடி மாதிரி மூடுவாள். தம்பி சத்தமாகச் சிரித்தால் அவன் வாயைப் பொத்துவாள். ஏழு வயதுக் குழந்தை தான் இருக்கிற வீட்டிலேயே ஒளிந்து வாழ்வதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அந்த ஆள் என் சுவரில் இருந்து ஆணியை மட்டும் பிடுங்கவில்லை. என் மகள் மறுபடியும் அந்த வீட்டில் ஓடி ஆட வேண்டும், அதை அவர் மாடியில் உட்கார்ந்து கேட்க வேண்டும். அந்த வருஷம் முழுக்க எனக்கு வேறு ஆசையே இருக்கவில்லை.

வழி அட்வான்ஸ் பத்திரத்திலேயே இருந்தது. அடுத்த நவம்பரில் அதை எடுத்து வரிவரியாகப் படித்தேன். "சுவரில் ஆணி அடிக்கக் கூடாது" என்றுதான் இருந்தது. மரத்தில் அடிக்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. தனியாகச் சிரிப்பதைப் பார்த்து என் கணவர் பயந்துபோனார்.

"காலுறை மாட்ட ஸ்டாண்டு ஒண்ணு செய்யப்போறேன். உங்க கம்பெனியில மெஷின் வர்ற பெட்டிப் பலகை வேணும்" என்றேன்.

"நீயா? ஆசாரி கிட்ட சொல்லலாமே?"

"ஆசாரி ஒரே நாள்ல முடிச்சிடுவார். எனக்கு ஒரு மாசம் ஆகணும்."

அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் சைக்கிள் கேரியரில் வைத்துப் பலகைகளைக் கொண்டுவந்து போட்டார். "சாரி சார்" சொன்ன பாவத்துக்கு அது பரிகாரம் என்று நானே கணக்கு வைத்துக்கொண்டேன்.

முதல் நாள் மதியம் சரியாக இரண்டேகால் மணி. மாடியில் கட்டில் கிரீச்சிட்டு அடங்கியது. நான் ஹால் சுவரை ஒட்டி ஒரு கோணிப்பையை மடித்து வைத்து, அதன்மேல் பலகையைச் சாய்த்தேன். சுவரில் ஒரு கீறல்கூட விழக் கூடாது, ஆனால் சத்தம் மட்டும் சுவர் வழியாக மேலே போக வேண்டும். ஓங்கி ஒரு போடு போட்டேன்.

பத்து எண்ணுவதற்குள் வந்துவிட்டார். பனியன் போட்டு, லுங்கியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றார்.

"எங்க அடிச்ச? எங்க அடிச்ச?"

நான் பலகையைக் காட்டினேன். அவர் நம்பவில்லை. கோணியை விலக்கி, சுவரைக் கையால் மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

"மரத்துலதான் சார் அடிக்கிறேன். பத்திரத்துல சுவர்னுதான் போட்டிருக்கீங்க" என்றேன். வகுப்பில் பிள்ளைகளிடம் பேசுகிற குரலில் சொன்னேன். அது அவருக்கு இன்னும் எரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் இரண்டேகாலுக்கு மறுபடி ஒரு ஆணி. மறுபடி ஓடி வந்தார், மறுபடி சுவரைத் தடவினார். ஒரு நாளாவது நான் சுவரில் அடித்திருப்பேன் என்ற சந்தேகம் அவரை விடவே இல்லை. நானும் விடவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு ஆணி, சில நாள் மூன்று. அவர் படியேறிப் படுத்து, கண்ணயரும் நேரம் பார்த்து அடுத்தது. ஒரு நல்ல மனுஷி செய்கிற காரியமா இது என்று கேட்டால், இல்லைதான். அந்த ஒரு மாதம்போல் நான் சந்தோஷமாக இருந்தது அபூர்வம்.

வேலை மட்டும் சுலபமாக வரவில்லை. முதல் வாரம் கட்டைவிரலைத்தான் அதிகம் அடித்தேன், நகம் கறுத்துவிட்டது. பலகை நுனியில் ஆணி இறங்கினால் நீளமாகப் பிளந்தது. காம்ப் ரோட்டில் மரக்கடை வைத்திருந்த பாய்தான் வழி சொன்னார். "ஆணி நுனியைச் சுத்தியால ஒரு தட்டுத் தட்டி மழுக்கிட்டு அடிங்க டீச்சர், பிளக்காது." பிளக்கவில்லை. இரண்டு கால், நடுவில் குறுக்குக் கட்டை, கீழே அகலப் பலகை, காலுறை மாட்டத் தலை நீட்டிக்கொண்டு நிற்கும் பெரிய ஆணிகள். நிற்க வைத்தால் முன்பக்கம் குப்புற விழுந்தது. அம்மிக் குழவியைத் தூக்கி அடிப்பலகையில் வைத்தேன், நின்றது. அப்படியொரு ஸ்டாண்டுக்கு இருபது ஆணி தாராளம். நான் அறுபது அடித்தேன்.

"இது ஸ்டாண்டா, முள்ளம்பன்றியா?" என்று கேட்டார் என் கணவர்.

இரண்டாம் வாரம் என் பெண் பள்ளியில் இருந்து சீக்கிரம் வந்த நாளில், அவர் ஓடி வந்து சுவரைத் தடவிவிட்டுப் போவதை நேரில் பார்த்தாள். அவர் மேலே போகும்வரை கதவுக்குப் பின்னால் நின்றவள், பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். ஒரு வருஷம் கழித்து அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு. சுத்தியை அவள் கையில் கொடுத்தேன். "சத்தமா அடிக்கலாமா?" என்றாள். "எவ்ளோ சத்தமா வேணும்னாலும்" என்றேன்.

மூன்றாம் வாரம் அவர் பாதிப் படியோடு திரும்பிவிட்டார். நான்காம் வாரம் இறங்கி வரவே இல்லை. "அடிச்சுத் தொலை!" என்று மாடியில் இருந்து ஒரு கத்தல், அப்புறம் கட்டில் கிரீச்சிடும் சத்தம், அப்புறம் குறட்டை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

கிறிஸ்துமஸ் அன்று காலை ஸ்டாண்டில் நான்கு காலுறை தொங்கியது, எனக்கும் என் கணவருக்கும் சேர்த்துத் தைத்திருந்தேன். பிள்ளைகள் ஹாலில் குதித்த குதியில் ஷெல்ஃபில் இருந்த டம்ளர் உருண்டது. யாரும் யார் வாயையும் பொத்தவில்லை. மேல்வீட்டுக்கு இந்த வருஷம் பலகாரத் தட்டு கிடையாது என்று நான் கறாராகச் சொல்லியிருந்தும், என் கணவர் எனக்குத் தெரியாமல் கொடுத்தனுப்பியிருந்தார். பண்டிகையும் அதுவுமாகச் சண்டை போட வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மறுநாள் மதியம் அந்தத் தட்டைத் திருப்பிக் கொடுக்க வீட்டுக்காரரின் மனைவி வந்தாள். வெறும் தட்டைத் தராமல் சர்க்கரையும் இரண்டு வாழைப்பழமும் வைத்திருந்தாள். மூன்று, நான்கு வருஷத்தில் அவள் எங்கள் வாசற்படி தாண்டி உள்ளே வந்தது அதுதான் முதல் தடவை. ஸ்டாண்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். காலுறைகளைக் கழற்றி வைத்திருந்ததால் ஆணிகள் மட்டும் நின்றன.

"பண்டிகை முடிஞ்சிடுச்சே மிஸ்ஸு. இது சும்மாதானே நிக்கப்போவுது? நான் மேல எடுத்துகினு போயி வச்சுக்கட்டுமா?"

"எதுக்கு அக்கா?"

"படம் ஒண்ணு கீது. எங்கம்மாது. மாட்டணும்."

"உங்க வீடுதானே, சுவத்துல மாட்டலாமே?"

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு டீச்சருக்கு இதுகூடத் தெரியாதா என்பது போன்ற பார்வை. "அவரு ஆணி அடிக்க வுடமாட்டாரு மிஸ்ஸு. வூடு கட்டச்சொல்லவே சுவத்துல மரக்கட்டை பதிச்சு, அவங்க அப்பா படத்த மாட்டிட்டாரு. வேற யாரு படத்துக்கும் கட்டை வெக்கல."

எனக்கு ஒரு ஆணி, ஒரு சாயங்காலம். இவளுக்கு வீடு கட்டிய நாளிலிருந்து. நான் ஒரு வருஷம் தூக்கிக்கொண்டு அலைந்த கோபம் போதாது என்று அப்போதுதான் தெரிந்தது.

"ஸ்டாண்டு தரமாட்டேன் அக்கா" என்றேன். அவள் முகம் வாடியது. "ஆணி தர்றேன். வாங்க."

இதற்கு என்ன விலை என்று எனக்குத் தெரியும். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். தை பிறந்ததும் வீட்டைக் காலி பண்ணச் சொன்னார், மாடம்பாக்கம் பக்கம் போனோம். சரிதான் போ என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

மீதி ஆணிகளை முந்தானையில் முடிந்துகொண்டு, சுத்தியோடு மேலே போனேன். ஹால் சுவரில் அவர் அப்பா மீசையோடு இருந்தார். உள்ளறைக் கதவு பாதி சாத்தியிருந்தது, குறட்டை கேட்டது. அவள் பீரோவின் அடித்தட்டில் புடவைகளை ஒதுக்கி, துணி சுற்றிய படத்தை எடுத்து வந்தாள். மாமனாருக்குப் பக்கத்தில், அதே உயரத்தில் இடம் காட்டினாள். நான் ஆணியைச் சுவரில் பிடித்தேன்.

"நீங்க அடிங்க அக்கா."

"நானா?"

"உங்க வீடு."

அவள் இரண்டு கையாலும் சுத்தியைப் பிடித்து ஓங்கி அடித்தாள். வீடே அதிர்ந்தது. குறட்டை நின்றது. இருவரும் அப்படியே உறைந்து நின்றோம்.

உள்ளேயிருந்து தூக்கக் குரல் வந்தது. "கீழ அந்தப் பொம்பள மறுபடியும் ஆரம்பிச்சிட்டா."

கட்டில் கிரீச்சிட்டது. புரண்டு படுத்தார். ஒரு மாதம் மதியம் மதியம் நான் பாடுபட்டது எதற்கு என்று அந்தக் கணத்தில்தான் எனக்கே விளங்கியது. அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு குலுங்கினாள். அது சிரிப்பா அழுகையா என்று நான் பார்க்கவில்லை. பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு இரண்டாவது அடி, மூன்றாவது அடி. கொஞ்சம் சுண்ணாம்பு தரையில் உதிர்ந்தது. குறட்டை மறுபடி ஏறியது.

படத்தை மாட்டினாள். மூக்குத்தி போட்ட ஒல்லியான அம்மா, காமிராவைக் கண்டு மிரண்ட பார்வை. கண்ணாடியைத் தலைப்பால் துடைத்து, இரண்டடி பின்னால் வந்து நின்று பார்த்தாள்.

"பதினோரு வருஷம் மிஸ்ஸு. துணிக்கு அடியில மூச்சு முட்டப் படுத்துகினு இருந்தா."

எனக்கு எங்கள் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. அவள் ஹாலைச் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தாள். வெள்ளையாக, வெறுமையாக, நாலு பக்கமும் அவ்வளவு சுவர். சுத்தி இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

"இன்னும் ஆணி கீதா?" என்று கேட்டாள்.

நான் முந்தானை முடிச்சை அவிழ்த்தேன்.