திருச்சுழிச் சாலையில் கொதித்த மாவு

காலை 7.20க்கு மதுரை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினேன். காரியாபட்டியில் மதுரைக்குப் போகும் பஸ்கள் பிதுங்கிக்கொண்டு எதிரே வந்தன. எங்கள் பஸ்ஸில் காலை நீட்டவே இடமிருந்தது. ஒன்பது மணிக்கு அருப்புக்கோட்டை. அங்கிருந்து திருச்சுழிப் பக்கம் போகும் டவுன் பஸ்.

நான் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். ஜிப்சத்தைச் சூடாக்கினால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்று இருபது வருடமாகக் கரும்பலகையில் எழுதுகிறேன். கண்ணால் பார்த்ததில்லை.

"மாவு வறுக்குற கொட்டாயா? இறக்கி விடுறேன் சார்" என்றார் நடத்துநர்.

பத்து மணி. கொட்டகையில் சங்கரபாண்டி அடுப்புக்குள் கருவேல விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார். மேலே அகன்ற இரும்புக் கொப்பரையில் ஜிப்சம் தூள். அவர் மனைவி பேச்சியம்மாள் நீண்ட துடுப்பால் கிளறினார். கொஞ்ச நேரத்தில் அந்த உலர்ந்த தூள் பால் போலக் கொதித்தது. குமிழி விட்டு, வெடித்து, ஆவி பறந்தது.

"தண்ணியே ஊத்தலையே?" என்றேன்.

"கல்லுக்குள்ளயே இருக்குற தண்ணி சார். அது போனாத்தேன் மாவு" என்றார் பேச்சியம்மாள்.

தூளில் கட்டுண்ட நீரில் முக்கால் பங்கு அந்தச் சூட்டில் வெளியேறிவிடும். பிறகு தண்ணீர் சேர்த்துக் குழைத்தால் மறுபடி கல்லாக இறுகும். எலும்பு முறிவுக்கு மாவுக்கட்டு, வகுப்புக்குச் சாக்பீஸ், இரண்டும் இதிலிருந்துதான்.

11.15க்கு வீரசோழன் ஊரிலிருந்து ரஹ்மத் பீவி லோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். நான்கு பெண்களை வைத்துச் சாக்பீஸ் செய்பவர்.

"போன லோடு சாக்பீஸு பூராம் ஒடிஞ்சிருச்சு, மதினி. இந்தத் தடவையும் ஒடிஞ்சா நான் வேற எடந்தான் பாக்கணும்."

"என் தப்புத்தேன்" என்றார் பேச்சியம்மாள். விருந்தாளிக்குத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனார்.

ஆட்டோ நிற்பதைப் பார்த்த சங்கரபாண்டி பரபரத்து எரியும் விறகை வெளியே இழுத்துப் போட்டு மாவை அள்ளத் தொடங்கினார். ரஹ்மத் பீவி ஒரு பிடி எடுத்துத் தட்டில் ஆறவிட்டு, டம்ளரில் குழைத்தார். இரண்டே நிமிடத்தில் இறுகியது. எனக்குச் சந்தோஷம். அவர் நகத்தால் சுரண்டினார், பொலபொலவென உதிர்ந்தது.

செம்போடு வந்த பேச்சியம்மாள் அதைப் பார்த்தார். "ஏங்க, கொதி அடங்குறதுக்குள்ளயா எறக்குனீங்க? உள்ள தண்ணி இன்னும் போகல. அள்ளுனதத் திரும்பக் கொட்டித் தீய வைங்க."

ரஹ்மத் பீவி ஆட்டோவைப் பார்த்தார், கொப்பரையைப் பார்த்தார். பிறகு சாக்கு மூட்டையில் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்தார். அவர் கொண்டுவந்த எலுமிச்சைச் சோற்றில் எனக்கும் பங்கு கிடைத்தது.

1.10க்குக் கொதி அடங்கி மாவு சமமாகப் படிந்தது. ரஹ்மத் பீவி மறுபடி ஒரு பிடியை ஆறவிட்டுக் குழைத்தார். இந்த முறை இறுகப் பத்து நிமிடம் பிடித்தது.

"புடிச்சுப் பாருங்க சார்."

வாங்கினேன். தீயில்லாமலே டம்ளர் டீ போலச் சுட்டது. நகம் இறங்கவில்லை.

மூட்டைகள் ஏறின. ஆட்டோ கிளம்பும்போது சங்கரபாண்டி ஓடிவந்தார். "தங்கச்சி, போன லோடும் நாந்தேன் அவசரப்பட்டு எறக்குனேன். அவ மேல தப்பில்ல."

"தெரியும்ணே. மதினி எறக்குன மாவு என்னைக்கு ஒடிஞ்சிருக்கு?"

பேச்சியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

3.30க்குத் திரும்பும் பஸ் வந்தது. எங்கள் ஊரில் வயலில் தண்ணீர் நின்றால்தான் நிம்மதி. இங்கே, போக வேண்டிய தண்ணீர் போகட்டும் என்று மதியம் மூன்று பேர் கொப்பரையைச் சுற்றிக் காத்திருந்தார்கள். நானும் பஸ் நேரத்தை மறந்து கூடவே இருந்தேன்.