கோணல் பிக்கப்

பெஹாலா வீட்டுக்கு வந்த என் புது எலெக்ட்ரிக் கிடாரில், தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் மூன்று பிக்கப்புகளில் நடுவிலிருந்தது மட்டும் கோணலாகச் சாய்ந்திருந்தது. ஆம்ப்ளிஃபயரில் செருகியதும் எழுந்த இரைச்சல் என்னைச் சின்ன வயதில் நாங்கள் குடியிருந்த கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு இழுத்துப்போனது.

அங்கே அண்ணன், பழைய ஸ்பீக்கர் காந்தத்தில் மயிரிழைச் செம்புக் கம்பியைச் சுற்றி, தன் சாதா கிடாரில் இப்படித்தான் கோணலாக ஒட்டியிருந்தான். பள்ளிக்கூடப் பூஜை விடுமுறையில் முதன்முதலாக அது ரேடியோ வழியே ஒலித்தது. இரைச்சலுக்கு நடுவே பாட்டும் கேட்டது. பக்கத்து வீட்டு வங்காளி காக்கிமா கைதட்டினாள்.

ஆபீஸிலிருந்து வந்த அப்பா, சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியை இழுத்துப்போட்டார்.

"இன்னொரு வாட்டி வாசி."

வாசித்தான்.

"நல்லாத்தான் இருக்கு. இப்ப அந்தக் கம்பியப் பிரி."

"அப்பா, ஒரு மாசமா சுத்தினதுப்பா."

"பிரிடா."

காக்கிமா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அண்ணன் அழுதுகொண்டே பிரித்தான். கம்பி அவன் விரல்களை அறுத்தது. கடைசிச் சுற்று தரையில் விழும்வரை அப்பா வெற்றிலை மென்றபடி பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பின் அண்ணன் எந்த வாத்தியத்தையும் தொடவில்லை.

இப்போது நான் வாசித்து நிறுத்தியதும், கட்டிலில் சாய்ந்திருந்த அப்பா பொக்கைவாயால் சிரித்தார்.

"ஒனக்காவது இதுல ஆசை இருக்கேம்மா. ஒங்கண்ணனுக்குத்தான் சின்ன வயசுலேர்ந்தே எதுலயும் நாட்டமில்ல."