அருவியில் பெண் பார்த்தது

பெண் பார்ப்பதற்குக் குற்றால அருவியைவிடத் தோதான இடம் உலகத்தில் கிடையாது என்பது என் பெரிய மாமாவின் கட்சி. வீட்டுக்கு வரச்சொன்னால் கேசரி கிண்டணும், பஜ்ஜி போடணும். எல்லாவற்றையும் தின்றுவிட்டு ‘ஊருக்குப் போய்ச் சொல்லுதோம்’ என்று அவர்கள் கிளம்பிப் போனால், மறுநாளே எங்கள் ஊர் மேலகரத்தில் தெரு முழுக்க அதே பேச்சாக இருக்கும். அருவிக்கரையில் அந்தத் தொல்லை இல்லை. சீசனுக்கு யார் யாரோ வருகிறார்கள், போகிறார்கள். இரண்டு குடும்பங்கள் தற்செயலாகச் சந்தித்த மாதிரி சந்தித்து, அவரவர் பக்கம் குளித்து, சேர்ந்து மலையேறி, பிடிக்காவிட்டால் ஒரு டீயைக் குடித்துவிட்டுப் பிரிந்துவிடலாம். அதற்கும் மேலே ஒரு வசதி உண்டு. அருவியில் பவுடரும் நிற்காது, சவுரியும் நிற்காது. தண்ணீருக்கு அடியில் போய் வெளியே வந்த பிறகு மிஞ்சுவதுதான் முகம். இது மாப்பிள்ளைகளைப் பெற்ற அம்மாக்களுக்கு நன்றாகத் தெரியும்.

அப்படித்தான் என் சித்தியைப் பார்க்கக் கோவில்பட்டியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. சித்தி என்றால் அம்மாவுக்கு ஒரே தங்கை. பி.எஸ்ஸி. தாவரவியல் முடித்துவிட்டு எங்கள் வீட்டில் இருந்தாள். கோயம்புத்தூரில் எம்.எஸ்ஸி.க்கு இடமும் கிடைத்திருந்தது. ஆனால் மாமா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: இந்த இடம் அமைந்தால் ஆவணியில் கல்யாணம், படிப்பு போதும். அமையவில்லை என்றால் தாராளமாகக் கோயம்புத்தூர் போகலாம், இரண்டு வருஷத்துக்குக் கல்யாணப் பேச்சே எடுப்பதில்லை. கல்லூரி திறக்கப் பத்து நாள்தான் இருந்தது. சித்தி மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கக்கூடாது. எங்கள் வீட்டில் என் காதுக்குத் தப்பி ஒரு பேச்சும் நடந்ததில்லை. தெரிந்தது போதாமல் கேள்வி வேறு கேட்பேன். மழை ஏன் சாய்ந்து விழுகிறது, குரங்கு ஏன் ரம்புட்டான் தோலைத் துப்புகிறது, சென்னைக்காரர்கள் ஏன் போன் எடுத்தவுடன் ‘சாரல் இருக்கா’ என்று கேட்டுவிட்டுத்தான் நாங்கள் உயிரோடு இருக்கிறோமா என்று விசாரிக்கிறார்கள். “இவ வாய அடைக்க ஐந்தருவித் தண்ணியும் பத்தாது” என்பார் மாமா. அன்று காலையிலேயே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஏட்டி, யாரு என்ன கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லணும். நாம சும்மா சுத்திப் பாக்கப் போறோம். புரியுதா?” என்று எச்சரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ரகசியம் காக்கிற வேலையை அதுவரை யாரும் என்னிடம் கொடுத்ததில்லை.

பேரருவிக்கு முன்னால் அவர்களைப் பார்த்ததும் மாமா இரண்டு கையையும் விரித்து, “அட, நீங்களா! எப்ப வந்தீங்க?” என்று கூவினார். அரைமணி நேரத்துக்கு முன்னால்தான் போனில் ‘எண்ணெய்க் கடை முக்கில நில்லுங்க’ என்று அவர்களுக்கு வழி சொன்னார். மாப்பிள்ளையின் அம்மாவும் கன்னத்தில் கை வைத்து, “இந்தா பாரேன், இங்கன வந்து பாக்கணும்னு இருக்கு!” என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். மாப்பிள்ளை மட்டும் நடிக்கத் தெரியாமல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாலிடெக்னிக்கில் வாத்தியார். ஒல்லியாக, கண்ணாடி போட்டு, கையில் ஒரு பொட்டலம் கடலை மிட்டாயோடு இருந்தார். மிட்டாய் நேராக என் கைக்கு வந்தது.

பெண்கள் பக்கத்தில் குளியல் முடிந்தது. அந்த அம்மா சித்தியின் தலையைத் துவட்டிவிடுகிற சாக்கில் முடியை ஒரு இழு இழுத்துப் பார்த்துத் திருப்தி அடைந்தார். பிறகு மலைமேல் இருக்கும் செண்பகாதேவி அருவிக்கு ஏறினோம். இப்போதுபோல அப்போதும் நினைத்த நேரத்தில் மேலே போக முடியாது. மாமா வனத்துறைக்கு முறையாக எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கி, அந்தக் காகிதத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு நெஞ்சோடு வைத்திருந்தார். புளியோதரையும் துவையலும் அம்மாவின் கூடையில் இருந்தன.

பாதையில் பத்து அடி வைத்ததும் சித்தி நொண்ட ஆரம்பித்தாள்.

வலது கால். நன்றாக இழுத்து இழுத்து நொண்டினாள். அம்மா பக்கத்தில் போய் அவள் இடுப்பைக் கிள்ளினாள். “காலையில மாடிப்படியில ஓடித்தானட்டி இறங்குன?” “இப்பத்தான் சுளுக்குச்சுக்கா” என்றாள் சித்தி, மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி. அந்த அம்மாவின் முகம் சுருங்கியது. மாமா முன்னால் போய்க்கொண்டே, தான் ஒருமுறைகூட ஏறியிராத அந்த மலையைப் பற்றி வாய் ஓயாமல் விளக்கிக்கொண்டு வந்தார். பின்னால் நடப்பதை அவர் பார்க்கவில்லை.

நான் பார்த்துக்கொண்டே வந்தேன். சித்தி கல்யாணத்தைக் கலைக்கப் பார்க்கிறாள் என்பது இன்று யாருக்கும் புரியும். எனக்கு அன்று அது நோவாகவே பட்டது. சித்தி என்னிடம் பொய் சொல்லி நான் பார்த்ததே இல்லை. சுளுக்குக்கு வெந்நீர் ஒத்தடமா, எண்ணெயா என்பதுதான் என் யோசனையாக இருந்தது.

பாதி தூரத்தில் ஒரு பெரிய பாறை. அதன்மேல் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது. பாசிக்கு நடுவே கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஊதாப் பூக்கள். மாப்பிள்ளை நின்று குனிந்து, “இது என்ன பூ?” என்றார். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. பூவைப் பார்த்துத்தான் கேட்டார்.

சித்தியால் தாங்க முடியவில்லை. “பூவை விடுங்க, அடியில பாருங்க” என்று இரண்டு கல்லைத் தாண்டிக் குதித்து வந்தாள். “வேர் மாதிரி இருக்குல்லா, அதுல குட்டிக்குட்டிப் பை இருக்கும். தண்ணியில வார பூச்சி அந்தப் பையைத் தொட்டா டபக்குனு உள்ள இழுத்துரும். பூச்சி தின்னுத செடி.”

“பூச்சியையா! செடியா!” என்று அவர் பாறையில் மண்டியிட்டுவிட்டார். “எவ்வளவு வேகத்துல இழுக்கும்? பை மறுபடி எப்படித் திறக்கும்?”

கேள்வி கேட்கிற பெரிய மனிதரை நான் அப்போதுதான் முதன்முதலில் பார்த்தேன். பெரியவர்கள் எல்லாம் தெரிந்ததுபோல்தான் நடப்பார்கள். இவர் அடுக்கிக்கொண்டே போனார், சித்தி பதில் சொல்லிக்கொண்டே போனாள். ஒரு பூவை அவர் உள்ளங்கையில் வைத்து நகத்தால் பிரித்துக் காட்டினாள். கால் மணி நேரம் இருக்கும். மாமா மேலேயிருந்து “ஏ, வாங்கப்பா, சோறு ஆறுது!” என்று கத்தினார். காலையில் ஆறிய சோறு.

மேலே அருவியைப் பார்த்தோம், அம்மனைக் கும்பிட்டோம், சாப்பிட்டோம். துவையலைக் குரங்கு கொண்டுபோனது. இறங்கும்போது சித்திக்குத் திடீரென்று நினைவு வந்ததுபோல மறுபடியும் நொண்டல் தொடங்கியது. இந்த முறை இடது கால்.

எனக்கு ஆச்சரியம் என்றால் ஆச்சரியம். சுளுக்கு கால் மாறுமா? சித்தியிடம் கேட்கலாம் என்றால் அவள் அந்த அம்மாவின் கண்ணெதிரே முனகிக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். என் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு வந்தவர் மாப்பிள்ளைதான். அவரிடமே கேட்டேன். “ஏறும்போது சித்திக்கு வலது கால்தானே வலிச்சுது? இப்ப ஏன் இடது காலு?”

அவர் நின்றுவிட்டார். முன்னால் போகிற சித்தியைப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார். சிரிப்பை அடக்கினார் என்று இன்று சொல்வேன். பிறகு ரொம்பச் சீரியஸாக, “மலைன்னா அப்படித்தான். ஏறும்போது ஒரு காலு, இறங்கும்போது மறுகாலு. உங்க சித்திக்கு இந்தக் கல்யாணத்துல... இந்தப் பயணத்துல இஷ்டமில்லையோ?” என்றார்.

ரகசியம் காக்கிற வேலை அத்தோடு போயிற்று. “நீங்க வேண்டாம்னு சொன்னாத்தான் சித்தி கோயம்புத்தூர் படிக்கப் போவா. வேணும்னு சொன்னா போகமாட்டா” என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டேன். சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அவர் என் கையை விடாமல் இறங்கினார். கீழே பேரருவிச் சத்தம் கேட்கத் தொடங்கியபோது, “கால் மாறுன விஷயத்தை யாருகிட்டயும் சொல்லாத, என்ன?” என்றார். “சொன்னா?” “சொன்னா உனக்கு ரெண்டு காலும் வலிக்கும்.” நான் இரண்டு காலையும் பார்த்துக்கொண்டே மிச்சப் படிகளை இறங்கினேன்.

நாலாம் நாள் தரகர் போன் செய்தார். பையனின் அம்மாகூட சுளுக்குதானே, சரியாகிவிடும் என்றாராம். பையன்தான் பிடிவாதமாக இருந்தானாம். பெண்ணுக்குக் காலில் ஏதோ குறை இருக்கிறது, எனக்கு வேண்டவே வேண்டாம் என்று. மாமா குதித்தார். “எங்க வீட்டுப் பிள்ளைக்குக் கால்ல குறையா? சோடாப்புட்டிக் கண்ணாடிப் பயலுக்கு வாயைப் பாரேன்!” அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சித்திக்குப் பெட்டி கட்டினாள். சித்தி போனைக் கேட்டதும் அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினாள். அப்புறம் என்னை இறக்கிவிட்டு, “கால்ல குறைன்னா சொன்னாரு? அவரேயா சொன்னாரு?” என்று ஒருமுறை கேட்டாள்.

எனக்கு வந்த கோபம் வேறு யாருக்கும் வந்திருக்காது. மற்றவர்களுக்குத் தெரியாது, சரி. அந்த ஆளுக்குத் தெரியுமே! மலை ஏறினால் கால் மாறி மாறி வலிக்கும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தானே! தெரிந்துகொண்டே என் சித்தியை நொண்டி என்கிறாரே, இவரெல்லாம் வாத்தியாரா? கடலை மிட்டாய் தின்ற வாயை அன்று இரண்டுமுறை கொப்பளித்தேன்.

அடுத்த சீசனுக்குச் சென்னை விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு அம்மாவும் நானும் ஐந்தருவிப் பக்கத்துப் பூங்காவுக்குப் போயிருந்தோம். சித்தி விடுமுறைக்கு வந்திருந்தாள், அன்று தலைவலி என்று வீட்டில் இருந்துவிட்டாள். அங்கே அவரைப் பார்த்தேன். அதே கண்ணாடி. சுற்றுலா வந்த மாணவர்களைக் கூட்டமாக நிறுத்திவைத்து ஒரு மரத்தைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பாக ஓடிவந்தார்.

“நல்லா இருக்கியா? சித்தி எப்படி இருக்காங்க? கோயம்புத்தூர்ல படிப்பு எப்படிப் போவுது?”

“எங்க சித்திக்கு என்ன? நல்லா இருக்கா. ரெண்டு காலும் நல்லா இருக்கு” என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அது எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய் வாங்கித் தரட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். “படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம், இல்ல?” என்றார். பிறகு தயங்கித் தயங்கி, “என்னைப் பத்தி ஏதாவது பேசுவாங்களா?” என்றார்.

“ஒருநாளும் பேசுனதில்ல. உங்களைக் கண்டாலே ஆகாது” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் அம்மாவிடம் ஓடினேன். பாதி பொய், பாதி மாமா சொன்னது.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகச் சித்தியிடம் போய், “அந்தக் கோவில்பட்டி ஆளைப் பாத்தேன், நல்லாக் குடுத்துட்டேன்” என்று பெருமையடித்தேன். கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த சித்தியின் கை நின்றது. எங்கே பார்த்தாய், என்ன கேட்டார், வேறென்ன கேட்டார், அதற்கு நீ என்ன சொன்னாய் என்று ஒன்றுவிடாமல் கேட்டாள். கேள்வி கேட்பது என் தொழில், அன்று அதை அவள் எடுத்துக்கொண்டாள். நான் சொன்ன பதிலைக் கேட்டு என்னைத் தட்டிக்கொடுப்பாள் என்று எதிர்பார்த்தேன். “அப்படியாட்டி சொன்ன?” என்று மட்டும் சொன்னாள். சற்றுப் பொறுத்து, ஈரமில்லாத துணியைத் திரும்பவும் உதறிக்கொண்டே, “தனியாவா வந்திருந்தாரு?” என்று கேட்டாள்.

சித்தி இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறாள். கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். சித்தப்பா அந்த ஊர்க்காரர்தான், தங்கமான மனிதர், அதையும் சொல்லியே ஆகவேண்டும். அன்று சித்திக்கு இருபத்தொரு வயது. இன்று எனக்கு அதைவிட ஒன்று கூடுதல். யாராவது என்னிடம் அந்த மாதிரிக் குரலில் ஒரு கேள்வி கேட்டால் எதற்குக் கேட்கிறார்கள் என்று எனக்கு இப்போது புரிந்துவிடும்.

அன்று புரியவில்லை. எதையும் கூர்ந்து பார்க்கிறவள் என்று பெயர் வாங்கியவள் ஆயிற்றே. கண்ணை மூடி யோசித்து, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். “இல்ல, கூட ஒருத்தங்க இருந்தாங்க. பச்சைச் சேலை, மல்லிகைப் பூ. அவருக்குத் தண்ணி பாட்டில் குடுத்தாங்க.” அந்தப் பெண்ணின் கையில் மாணவர்களின் பெயர்ப் பட்டியல் இருந்ததையும், தலைகளை எண்ணிக்கொண்டே இருந்ததையும், பிள்ளைகள் அவர்களை ‘மேடம், மேடம்’ என்று கூப்பிட்டதையும் நான் பார்த்திருந்தேன். சித்தி அதைக் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. சேலையின் நிறம்வரைக்கும் ஞாபகமாகச் சொன்னதற்கு அவள் என்னைப் பாராட்டுவாள் என்று அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.