நூதனசாலை அம்மனின் சேலை

நல்லூருக்குக் கிட்ட இருந்த நூதனசாலையில் நான் அப்போது சிற்றூழியன். காலையில் சிலைகளுக்குத் தூசு தட்டுவதும், பார்க்க வருகிறவர்களிடம் "தொடாதேங்கோ" என்று சொல்வதும்தான் வேலை. அந்தச் சிலைகளில் ஒன்று வடகரையில் எங்கள் ஊர்ச் சிறுகோயில் அம்மன். கை உடைந்த சிலைக்குப் பூசை கூடாது என்று, மந்திரம் சொல்லிச் சக்தியைக் கும்ப நீருக்கு மாற்றி, அங்கிருந்து புதுச் சிலைக்கு மாற்றிவிட்டார்கள். பழையது வெறுங்கல்லாக எங்களிடம் வந்தது. எனக்கு இதில் ஒரு குழப்பமும் இருக்கவில்லை, அம்மா வரும்வரை.

அண்ணைக்குக் கப்பலில் வேலை. முதல் பயணம் போனபோது, பத்திரமாகத் திரும்பினால் சிவப்புப் பட்டுச் சேலை சாத்துவதாக அம்மா பழைய சிலையிடம் நேர்ந்திருந்தார். அண்ணை திரும்பிய நேரம் கோயிலில் இருந்தது புதுச் சிலை. அதற்கே சாத்தினார். அண்ணை மறுபடி போய் ஐந்து மாதமாகக் கடிதம் இல்லை என்றதும், நேர்த்தியை ஆள்மாறிச் செலுத்திவிட்டேன் என்ற பயம் அம்மாவைப் பிடித்துக்கொண்டது.

ஒரு மத்தியானம் வல்வெட்டித்துறை பஸ்ஸில் வந்து இறங்கினார். பையில் இன்னொரு சிவப்புச் சேலை. நூதனசாலை வாசலிலேயே செருப்பைக் கழற்றினார்.

"அம்மா, உது இப்ப கல்லு. சக்தியை எடுத்தாச்சு."

"எடுத்தது ஐயர். நான் கதைச்சது இவவோடை, மோனை."

ஊருக்கெல்லாம் "தொடாதேங்கோ" என்கிற நான் விலகி வழி விட்டேன். அம்மா சேலையைச் சுற்றி, உடைந்த கையை முந்தானையால் மூடிவிட்டுப் போனார்.

சாப்பிட்டு வந்த பொறுப்பாளர் கத்தினார். "உது ஆர் கட்டினது? கழட்டும்!"

தினமும் பழந்துணியால் அந்த முகத்தைத் துடைத்த கை அன்று கூசியது. கல் என்றால் ஏன் கூச வேண்டும்? அம்மன் என்றால் நான் இத்தனை நாளும் செய்த காரியம் என்ன? கண்ணை மூடிக்கொண்டு கழற்றினேன். வெட்கமாக இருந்தது. சேலையை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தேன்.

நாலாம் நாள் வீட்டுக்கு அண்ணையின் கடிதம் வந்தது. சுகமாக இருக்கிறாராம், கப்பல் மாறியதில் எழுத முடியவில்லையாம். நான் வாசிக்க அம்மா அழுதார். கடிதத்தில் இருந்த தேதியை மட்டும் வாசிக்காமல் விட்டேன். அது சேலை சாத்துவதற்கு மூன்று கிழமை முந்திய தேதி.

"பாத்தியோ, அவ கேட்டிட்டா. சேலை இப்பவும் அவவின்ரை உடம்பிலைதானே இருக்கு?"

"ஓம்" என்றேன்.

மறுநாள் பொறுப்பாளர் வருமுன் போய் லாச்சியைத் திறந்து சேலையை எடுத்தேன். ஏன் என்று எனக்கே விளங்கவில்லை. அதைச் சாத்தி முடித்த பிறகுதான் குனிந்து பார்த்தேன். காலில் செருப்பு இல்லை.